டிசம்பர் இருபத்தாறின் கடைசி வரி

எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்த அளவு எழுத்தில் நான்கு பக்கம் என்று நான் இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. இப்போதெல்லாம் யாரும் அளவு சொல்வதில்லை. மருந்துக்கடைக்காரர்கூட மாத்திரையை எண்ணாமல் கிழித்துத் தருகிறார். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஒன்று குறைகிறது. இருந்தாலும் எழுத ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் என் பழைய பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் போன் செய்தார். நம் தமிழ்ப் பையன்தான், ஆனால் கன்னடம்தான் அவருக்கு முதலில் வாயில் வரும்.

"அங்கிள், 'இதே தின' இப்ப கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. ஒரு நிமிஷம்கூட பேக்கில்ல. நீங்கள்ளாம் அத எப்படி மாடிட்டு இருந்தீங்க? சும்மா கேக்கறேன்."

'பேக்கில்ல' என்றால் தேவையில்லை, 'மாடிட்டு' என்றால் செய்துகொண்டு, 'இதே தின' என்றால் இதே நாள். மைசூரில் நாங்கள் நடத்திய சிறிய கன்னட நாளிதழின் இரண்டாம் பக்கத்தில், இடது மூலையில், முன்பு இதே தேதியில் உலகத்தில் நடந்தவற்றை ஆறு வரிகளில் போடுவோம். அந்த ஆறு வரிகளில்தான் என் வேலைக் காலத்தின் பெரும்பகுதி போயிற்று. போனில் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கர்நாடகத்து ராமாபுரத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். கொள்ளேகாலில் படித்துவிட்டு மைசூருக்கு வந்து பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். சில வருடங்கள் பிறர் எழுதியதில் கொம்பும் சுழியும் தேடினேன். பிறகு என்னைத் திருநாராயணன் சாரிடம் அனுப்பினார்கள்.

திருநாராயணன் சார் மேல்கோட்டைக்காரர். எங்கள் செய்தி ஆசிரியர். அலுவலகத்தில் எல்லோரிடமும் கன்னடம் பேசுவார். என்னிடம் மட்டும் அவர்கள் வீட்டுப் பழைய தமிழ். என் பெயரைச் சொல்லி அவர் ஒருநாளும் அழைத்ததில்லை. "ஓய் ராமாபுரம்" என்பார். அவருடைய அறையில் நான்கு மின்விசிறிகள், அவற்றில் மூன்று சுற்றும். சுற்றாத விசிறிக்குக் கீழேதான் அவர் உட்காருவார். காகிதம் பறக்கக் கூடாதாம்.

அவருக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. அதில் முந்நூற்று அறுபத்தாறு காகித உறைகள், தேதிக்கு ஒன்று. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஓர் உறை உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் ஒல்லி. ஒவ்வொரு உறைக்குள்ளும் சிறு அட்டைகள், ஒரு அட்டைக்கு ஒரு நிகழ்ச்சி. தினமும் மதியம் மறுநாளின் உறையை எடுத்து, அட்டைகளை மேசையில் பரப்பி, ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு புத்தகத்தில் பார்க்காத எதையும் எழுதக் கூடாது. மரணங்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. தனி மனிதர்களின் வீட்டு விசேஷம், வீட்டுத் துக்கம் எதுவும் கூடாது. அதற்குக் காசு கொடுத்து விளம்பரம் போடலாம். கடைசி வரி மட்டும் நம் பக்கத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். எங்கோ ஒரு ராஜ்யம் கவிழ்ந்த தேதியில் நம் ஊருக்குக் குடிநீர்க் குழாய் வந்திருந்தால், அதுதான் கடைசி வரி.

நான் சேர்ந்த புதிதில் ஜூலை இருபதுக்கு எழுதிக் கொடுத்தேன். மனிதன் நிலவில் கால் வைத்த நாள், 1969. சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊர் இருபது?"

எனக்கு விளங்கவில்லை. எல்லாப் புத்தகத்திலும் இருபது என்றுதான் இருக்கிறது என்றேன்.

"புஸ்தகம் அமெரிக்காவுல அச்சானது. அவாளுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி. நமக்கு விடிஞ்சு திங்கக்கிழமை, எட்டரை மணி இருக்கும். நான் மேல்கோட்டையில கல்யாணிக் குளத்துப் படியில நின்னுண்டு டிரான்சிஸ்டர்ல கேட்டேன் ஓய். தலை ஈரம்கூடக் காயலை. அண்ணாந்து பார்த்தா வெறும் வெயில். அந்த வெயிலுக்குப் பின்னால எங்கேயோ ஒருத்தன் நடந்துண்டு இருக்கான். நான் பார்த்த காலம்பர நமக்குத் தேதி இருபத்தொண்ணு. அதைப் போடும்."

இருபத்தொன்றாம் தேதி, 'நம் நேரப்படி' என்று சேர்த்துப் போட்டோம். தவறு என்று பதினேழு கடிதங்கள் வந்தன. சார் பதினேழையும் படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தேதிகளின் மேல் ஒரு பயமும் வியப்பும் ஒட்டிக்கொண்டன. முதல் மனிதன் விண்வெளிக்குப் போனது ஒரு ஏப்ரல் பன்னிரண்டு. முதல் விண்வெளி ஓடம் கிளம்பியதும் இருபது வருடம் கழித்து அதே ஏப்ரல் பன்னிரண்டு. அந்த இரண்டு அட்டைகளும் முதல் தடவை என் கையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது, யாரோ எனக்குத் தெரியாமல் அடுக்கி வைத்ததுபோல இருந்தது. சாரிடம் காட்டினேன். "தெரியும். ஆனா ஒவ்வொரு தரமும் புதுசாத்தான் இருக்கறது, இல்லையா?" என்றார். பிறகு இரண்டு அட்டைகளையும் அவரே சேர்த்து உறைக்குள் வைத்தார்.

இனி அந்த டிசம்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

டிசம்பர் இருபத்தாறு கனமான உறை. 1898இல் ரேடியம் என்ற புதிய தனிமம் உலகுக்கு அறிவிக்கப்பட்ட தேதி. 1991இல் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைக்கப்பட்ட தேதி. 2003இல் ஈரானில் பாம் என்ற பழைய நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2004இல், சுனாமி. மரணங்களை அடுத்தடுத்து வைக்காத சார் இந்த இரண்டை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பார். "பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்பார்.

சுனாமிக்கு ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, டிசம்பர் மாத நடுவில், ஒரு கொத்தனார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் செல்வம். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். சட்டையில் சிமென்ட், கையில் தலைப்பாகைத் துண்டு. கன்னடம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. யாரோ, தமிழ் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று கைகாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"சார், ஒரே ஒரு வருசம். இந்த ஒரு வருசம் மட்டும் அந்தச் சுனாமி நியூஸ் போடாம வுட்ருங்க."

சார் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"எம் பொண்ணு காவ்யா, நாலாவது படிக்குது. அதுக்கு அன்னிக்குத்தான் பொறந்த நாளு. சுனாமி வந்த அன்னிக்கேதான் சார் பொறந்துச்சு, இங்க, பெரியாஸ்பத்திரில. ஸ்கூல்ல பசங்க அத சுனாமி, சுனாமின்னு கூப்புடுதுங்க. காலையில பிரேயர்ல தெனம் ஒரு புள்ள உங்க பேப்பர்ல இருந்து 'இதே தின' படிக்கணும். இருவத்தாறாந்தேதி இது மொறை. எல்லாரு முன்னாலயும் இது வாயாலயே சுனாமின்னு படிக்கணுமாம். ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது சார். படிப்பையே வுட்டுர்றேங்குது."

எங்கள் பக்கப் பள்ளிகளில் காலை வணக்கத்தின்போது மாணவர்கள் முறைவைத்துச் செய்தி வாசிப்பது வழக்கம். எங்கள் பத்தி அத்தனை பள்ளிகளில் ஒலிக்கிறது என்பதில் சாருக்குப் பெருமை உண்டு. அன்று அந்தப் பெருமை அவர் முகத்தில் இல்லை.

"போனவாளுக்கு வருஷத்துல ஒரு வரி போடறோம். அதையும் எடுத்துடச் சொல்றீரா?"

"அந்த வரியில எம் பொஞ்சாதியோட அம்மா, அப்பா, தம்பி மூணு பேரும் இருக்காங்க சார்" என்றார் செல்வம்.

சார் அவரை உட்காரச் சொன்னார். வாசகர்களை அவர் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

செல்வம் சொன்னதிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது இது. அவர் மனைவி வள்ளிக்கு அது தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டில் நடக்க வேண்டியது. மார்கழியில் மகளை அழைத்துப் போகக் கூடாது, தை பிறந்ததும் வந்து கூட்டிப் போகிறோம் என்று வள்ளியின் அம்மா சொல்லியிருந்தார். பிரசவ நாளும் தையில்தான். ஆனால் குழந்தை மார்கழியிலேயே வந்துவிட்டது. அதே காலையில் கடலும் வந்தது.

"சொந்தக்காரங்க என்னா சொல்றாங்க தெரியுமா? முந்திக்கிட்டு வந்து மூணு பேர முழுங்கிடுச்சுங்கறாங்க. அவங்கள வுடுங்க சார். எம் பொஞ்சாதி மனசுலயே அது இருக்கு. ஒரு வருசம்கூட அந்தப் புள்ளைக்குப் பொறந்த நாளுன்னு ஒரு மிட்டாய் வாங்கல."

"அன்னிக்கு இங்க, ஆஸ்பத்திரியில, என்ன நடந்தது?" என்று சார் கேட்டார்.

"இங்கயா? இங்க ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காத நாள்னு ஒண்ணு கிடையாது. யோசிச்சுச் சொல்லும்."

செல்வம் துண்டை மடித்தார், பிரித்தார். "வார்டுல ஒரு வழக்கம் சார். புள்ள பொறந்தா அந்த வூட்டுக்காரங்க எல்லாக் கட்டிலுக்கும் சக்கரையோ லட்டோ குடுப்பாங்க. அன்னிக்கு நெறய புள்ளைங்க பொறந்துச்சு. எங்க கட்டிலுக்கு ஒருத்தரும் ஒரு துளி சக்கரை குடுக்கல. துக்கத்துல பொறந்த புள்ளைன்னு ஒதுக்கிட்டாங்க. நான் வாங்கி வச்ச சக்கரையும் பையிலயே கெடந்துச்சு. வள்ளி இன்னிக்கும் அதச் சொல்லித்தான் அழுவும்."

அவர் போன பிறகு சார் அந்த உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஓய் ராமாபுரம். ஒரு கட்டில்காரி குடுக்கலைன்னா அது அல்பத்தனம். ஒரு வார்டு முழுக்கக் குடுக்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். போய்ப் பாரும்."

இரண்டு நாள் விசாரித்ததில் அன்று வேலையில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டரைப் பற்றித் தெரிந்தது. மார்டள்ளிக்காரர். ஓய்வு பெற்றுக் கொள்ளேகாலில் மகன் வீட்டில் இருந்தார். பஸ்ஸில் போனேன், சில்லறை இல்லை என்று கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது மறந்துவிட்டார். அந்த எரிச்சலோடுதான் சிஸ்டர் வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் பேசத் தொடங்கியதும் என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"மறக்குமாங்க அந்த நாளு? முந்தின நாள் கிறிஸ்மஸ்ஸு. எல்லாரும் லீவு போட்டுட்டாங்க, நான்தான் மாட்டுனேன். விடியக்கால இருந்து பொழுது சாயறதுக்குள்ள ஒம்பது பிரசவமுங்க. அஞ்சு பொண்ணு, நாலு பையன். பத்து, பதினொரு மணி இருக்கும், கீழ டீக்கடையில டீவி பார்த்தவன் ஒருத்தன் ஓடியாந்து சொன்னான். எங்களுக்கெல்லாம் அந்த நாலாவது கட்டில் பொண்ணு மேலதான் கண்ணு போச்சு. 'எங்கம்மா வரும்போது கருவாடு கொண்டாரும், உங்களுக்கும் தாரேன்'னு அப்பத்தான் பக்கத்துக் கட்டில்ல சொல்லிட்டு இருந்துச்சு."

சிஸ்டர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மொத கட்டிலுக்குத் தாத்தா ஒருத்தரு, மாவு மில்லுக்காரரு. பேரன் பொறந்த குசியில ரெண்டு கிலோ லட்டு. டப்பாவைத் தொறந்துட்டாரு. விசயம் தெரிஞ்சதும் மூடிட்டாருங்க. ஒவ்வொரு கட்டிலாப் போயி, 'இன்னைக்கு வேண்டாம்மா, அந்தப் புள்ள முன்னால நாம எப்படி இனிப்புத் திங்கறது'ன்னு மெதுவாச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாரு. கன்னடக்காரங்க, துலுக்கருங்க, நம்மாளுங்க, எல்லாரும்தான் இருந்தாங்க. ஒருத்தரும் மறுத்துப் பேசலீங்க. எட்டு வூட்டு இனிப்பும் எங்க ரூம் பீரோ மேல வந்துருச்சு. மறுநாள் பூரா எறும்பு."

"அதை அந்தம்மாகிட்ட யாரும் சொல்லலையா?"

"இதையெல்லாம் சொல்லிக்கிட்டா செய்வாங்க?"

வள்ளி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் சொன்னேன். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "அட ஆண்டவரே. ஒம்பது வருசமாவா?"

முப்பது வருடங்களாகப் பேரரசுகளும் போர்களும் என் மேசையில் பரவிக் கிடந்திருக்கின்றன. உலகமே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளில், எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அதற்கு ஓர் அட்டை இல்லை.

ஒரு சாட்சி போதாது என்பது சாரின் விதி. மாவு மில்லுக்காரரைத் தேடி அவரே கிளம்பினார். நாற்காலியை விட்டு எழாத மனிதர், தன் பழைய ஸ்கூட்டரில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார்.

"ஆயித்து. ரெண்டாவது சாட்சியும் ஆயித்து" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னதைக் கேட்டுட்டு மனுஷர் மாவு மூட்டை மேல உட்கார்ந்துட்டார் ஓய்" என்றார்.

கடைசி வரியை நான் எழுதினேன். ஒரு தாயின் வீடு அந்தக் கடற்கரையில் இருந்தது என்பதையும் சேர்த்திருந்தேன். சார் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "அது அவள் வீட்டுத் துக்கம். நம்மது இல்லை." 'லட்டு' என்பதை 'இனிப்பு' ஆக்கினார். மாவு மில்லுக்காரரைப் பற்றிய வார்த்தைகளையும் அடித்தார். சுனாமி வரி அப்படியே இருந்தது. ஒரு எழுத்தைக்கூட அவர் குறைக்கவில்லை. செல்வத்துக்கு மட்டும் சொல்லி அனுப்பினார்: "அந்த வரி இருக்கும். ஆனா அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு. குழந்தையைக் கட்டாயம் அனுப்பும். அம்மாவும் கூட வரட்டும்."

இருபத்தாறாம் தேதி காலை என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். வேலி ஓரத்தில் நின்றேன். அனுமதி வாங்காமல் நிற்கிறோமே, காவலாளி ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று கவலை. அதை மறக்கப் பிள்ளைகளின் வரிசையை எண்ணினேன். ஏழு வரிசை. செல்வம் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வள்ளி நின்றார்.

காவ்யா மேடைக்கு வந்தாள். ஒல்லிக் குழந்தை, இரட்டைச் சடை. ரேடியத்தையும் அதற்கு அடுத்த வரியையும் படித்தாள். சோவியத்தைப் படித்தாள், நாக்கு ஒரு முறை புரண்டது. ஈரானைப் படித்தாள். அடுத்த வரியில் நின்றுவிட்டாள். பின்வரிசையில் ஒரு பையன் "சுனாமி" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. சிரிப்பு முன்வரிசை வரை ஓடி வந்தது. ஆசிரியை அருகில் வரப் பார்த்தார். அதற்குள் அவள் அந்த வரியை ஒரே மூச்சில், கத்திப் படித்துவிட்டாள்.

பிறகு கடைசி வரி. கன்னடத்தில் அவள் படித்ததைத் தமிழில் எழுதுகிறேன்:

"அதே நாளில் நம் ஊர் மருத்துவமனை ஒன்றில் ஒன்பது குழந்தைகள் பிறந்தன. கடலில் உறவுகளை இழந்தவர்களுக்காக, அங்கே எட்டுக் குடும்பங்கள் யாருக்கும் இனிப்பு வழங்காமல் இருந்தன."

பிள்ளைகளின் சிரிப்பு நின்றிருந்தது. காவ்யா அந்த வரியைத் தனக்காக, வாய்க்குள், இன்னொரு முறை படித்தாள். உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

வள்ளி என் பக்கம் திரும்பினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கையில் பத்திரிகை இருந்ததால் கேட்டார்.

"சார், எட்டு வூடுன்னு படிச்சிச்சே. அது எங்க வார்டா?"

"ஆமாம்மா."

"எனக்காவயா?"

நான் தலையை அசைத்தேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வம் ஓடி வந்து தோளைப் பிடித்தார். வள்ளி அழவில்லை. "பக்கத்துக் கட்டில் பொம்பள எங்கையப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சுங்க. நான்தான் ஒதறிட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் மூன்று பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாசகர்களிடம் ஒரு வாழைப்பழம்கூட வாங்காதவர் சார். அதோடு சர்க்கரை நோய் வேறு. வள்ளி ஒரு கிண்ணத்தில் சர்க்கரை நீட்டினார். சார் கையை நீட்டி வாங்கி, வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினார். காவ்யா தன் பையிலிருந்து காகிதப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தாள். எண்ணினேன். ஏழு.

"நீங்க சொன்ன மில்லுக்கார அஜ்ஜா வீட்டுப் பையனுக்குக் குடுத்தாச்சு" என்றாள் அவள், பாதி தமிழில், பாதி கன்னடத்தில். "மிச்சம் ஏழு பேர் எனக்கு யாருன்னு கொத்தில்ல, தெரியாது. பேப்பர் பாத்துட்டு வந்தா நீங்களே குடுங்க. என்கூடப் பொறந்தவங்க."

சார் அந்த ஏழையும் டிசம்பர் இருபத்தாறின் உறைக்குப் பக்கத்தில் வைத்தார். அலமாரிக்கு எறும்பு வரும் என்று நான் சொன்னேன். "வரட்டும் ஓய்" என்றார்.

அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள், கையில் பத்திரிகையோடும் பிள்ளையோடும். அந்த வரியை நாங்கள் வருடம் தவறாமல் போட்டோம். அதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். சார் இறந்த பிறகு மீதிப் பொட்டலங்களை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். போன வருடம் ஹூட்டகள்ளியிலிருந்து ஒரு பெண் தேடி வந்து தன்னுடையதை வாங்கிப் போனாள். இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு மார்கழியிலும் பழைய சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டி வைக்கிறேன். சர்க்கரை விற்கிற விலையில் இது என்ன கூத்து என்று என் மனைவி கேட்காத வருடம் இல்லை.

முதலில் சொன்ன காரணம் இதுதான். கணினி எழுதிய டிசம்பர் இருபத்தாறை அந்த இளைஞர் எனக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு தேதியும் பிசகவில்லை. கடைசி வரி மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த ஒருவருக்கு எப்படித் தெரியும்?

காவ்யாவையும் சேர்த்து ஐந்து பெண்களும் வந்துவிட்டார்கள். பையன்களில் மில்லுக்காரர் பேரனோடு மூன்று பேர். ஆகவே வர வேண்டியது ஒரு பையன். இப்போது வாலிபனாக இருப்பான்; மீசைகூட இருக்கும். தான் பிறந்த அன்று தன் வீட்டார் எதைக் கொடுக்காமல் மூடி வைத்தார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மலரைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்தால் சங்கத்தில் சொல்லுங்கள். பொட்டலத்தின் மேல் நான் பெயர் எழுதவில்லை. தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.